பள்ளிக்கூடத்தின் இரண்டாவது சாவி

டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கல்கட்டு இருக்கிறது. மலை சரிந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் கூலிக் குடும்பங்கள் வரிசையாக இருந்த ஒரு லயமே பள்ளத்துக்குப் போனது. இந்தக் கட்டு அசையவில்லை. அதைக் கட்டியவன் நான். தேயிலைக் கொழுந்து லொறி போகிற பாலத்தின் தூண்கள் நான் வைத்தவை. மாரியம்மன் கோயிலுக்கு ஏறுகிற படி, மேல் லயத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை, தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை பங்களாவின் புகைக்கூண்டு, எல்லாம் என் கை. பிற்பாடு டவுனில் இறங்கி யாரிடமும் கையேந்தாமல் ஒரு மாடி வீடு கட்டினேன், கீழே இரண்டு கடை, வாசலில் லொறி. படித்தது இரண்டாம் வகுப்பு. இதில் எழுத்துப் பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை கிடையாது.

இவை எல்லாவற்றையும்விட ஒன்று கட்டினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடம். அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கவ்வாத்து வெட்டியவன். தேயிலையைத் தறிக்கிற கத்தி பிடித்த கைக்குக் கல்வேலை எப்படி வந்தது என்று கேட்பார்கள். ஸ்டோரைப் பெரிதாக்க ஒரு சிங்கள மேசன் பாஸ் வந்தார். அவருக்குக் கல் எடுத்துக் கொடுக்க என்னை விட்டார்கள். அவர் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டேன். வேலை முடிந்து போகும்போது தன் தூக்குக்குண்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தோட்டத்தில் எந்தச் சுவர் சாய்ந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சம்பளம் மட்டும் கவ்வாத்துக்காரன் சம்பளம்தான்.

நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சட்டம் வந்த காலம் அது. ஓட்டும் போனது. மறுநாளும் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள், போய் வரிசையில் நின்றோம். அப்போது பள்ளிக்கூடம் என்றால் பிள்ளைக்காம்பராவின் ஒரு மூலை. கொழுந்து பறிக்க மலைக்குப் போன தாய்மார் விட்டுச்சென்ற கைப்பிள்ளைகள் ஒரு பக்கம் தொட்டிலில் கத்தும், மறுபக்கம் வாத்தியார் பாடம் சொல்வார். வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். அதனால் கொழுந்து நிறுக்கிற நேரம் வந்ததும் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தராசடிக்கு ஓடவேண்டும். ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேலே பெயர் பதிந்து மலைக்குப் போவதுதான் படிப்பு.

தனிக் கட்டடம் கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றோம். பெரிய கிளாக்கர் உள்ளே போய்த் துரையிடம் பேசிவிட்டு வந்தார். தோட்டக் கணக்கில் ஒரு கல்லும் கிடையாதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களாகக் கட்டிக்கொண்டால் துரை தடுக்கமாட்டாராம். ஸ்டோரில் கழற்றிப் போட்ட பழைய கூரைத் தகரம் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாமாம். மற்றவர்கள் முகம் தொங்கிப் போனது. எனக்கு அது போதும்.

கல் ஆற்றில் கிடந்தது, பள்ளிக்கூடம் மேட்டில் வரவேண்டும். தூக்கிவர வண்டி இல்லை. யோசனை நான் சொன்னதுதான். அந்தி நிறுவை முடிந்து பெண்கள் வெறுங்கூடையோடு லயத்துக்குத் திரும்புகிற வழி ஆற்றோரம். ஆளுக்கொரு கல்லைக் கூடையில் போட்டு வந்தால் என்ன? முதல் நாள் என் மனைவி மட்டும் போட்டு வந்தாள். கூடைக் கயிறு நெற்றியில் பதிந்து இரத்தம் கட்டியிருந்தது. பிறகு அவளோடு கொழுந்தெடுக்கிற கொத்துப் பெண்கள், பிறகு எல்லாப் பெண்களும். அந்தச் சுவரில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் ஒரு பெண்ணின் தலைக்கயிற்றில் தொங்கி மேலே வந்தது. எடுத்து அடுக்கியவன் நான். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் இன்றைக்கும் அந்தச் சுவர் மயிரிழை விலகியிருக்காது.

கதவுக்குப் பூட்டு நானே வாங்கினேன், டிக்கோயாவில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில். நல்ல கனத்த பூட்டு, இரண்டு சாவியோடு வந்தது. ஒன்றை மனைவியிடம் கொடுத்து அரிசித் தகரத்துக்குள் போடச் சொன்னேன். பூட்டு என் காசில் வாங்கியது, ஒரு சாவி என் வீட்டில் இருப்பதில் என்ன தப்பு என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மற்ற சாவிக்கு நடந்ததுதான் கதை. தோட்டத்தில் எது கட்டி முடித்தாலும், அது கோயில் மடைப்பள்ளியாக இருந்தாலும், தட்டில் வெற்றிலை, எலுமிச்சம்பழத்தோடு சாவியை வைத்துப் பெரிய துரை கையில் கொடுப்பது மரியாதை. அவர் திறந்து வைப்பார், மாலை போடுவோம், தப்பு அடிப்போம். அப்படியே செய்தோம். துரை கதவைத் திறந்தார், உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டினார், சாவியைப் பெரிய கிளாக்கரிடம் கொடுத்துவிட்டுக் குதிரையில் ஏறினார். கிளாக்கர் கொண்டுபோய் ஆபீஸ் பலகையில் ஸ்டோர் சாவி, உர ஸ்டோர் சாவி இருக்கிற வரிசையில் மாட்டினார். அன்றிலிருந்து அது அங்கேதான். வாத்தியார் தினமும் பெரட்டு கலைந்து கிளாக்கர் வரும்வரை காத்திருந்து சாவி வாங்குவார், சாயங்காலம் திருப்பிக் கொடுப்பார். ஒரு முறை வேலைநிறுத்தம் செய்தோம். வேலைக்குத் திரும்பும்வரை சாவி வரவில்லை. நாங்கள் கல் சுமந்து கட்டிய பள்ளிக்கூடத்தின் வாசல்படியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படி வருஷங்கள் போயின. என் மூத்த மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். நன்றாகப் படித்தாள். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, யாருடைய மகள். ஆறாம் வகுப்புக்கு டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்தேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் பெரிய சத்தம். மிஷன் நடத்துகிறது, தனியார் நடத்துகிறது என்று பார்க்காமல் எல்லாப் பள்ளிக்கூடத்தையும் அரசாங்கமே எடுத்து நடத்தப் போகிறதாம். பூட்டு விற்ற அந்த நானா தன் கடையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு கேட்போம். அப்படி எடுப்பது நாட்டின் அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று பாதிரிமார் சொல்கிறார்களாம். அப்படியானால் அரசியல் சட்டத்தையே மாற்றிவிட்டு எடுக்கவேண்டும் என்று இன்னொரு கட்சி சொல்கிறதாம். கடையில் இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து வழக்குப் பேசினார்கள். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மட்டும் சிரித்தார்.

"ஓட்டே இல்லாத நம்மளுக்கு என்னாத்துக்கு நானா இந்த வழக்கு? எந்தச் சட்டத்த மாத்துனாலும் பெரட்டு ஆறு மணிக்குத்தான்."

நான் விடவில்லை. "எல்லாப் பள்ளிக்கூடமும்னுதான போட்டிருக்கு நானா? அப்ப நம்ம பள்ளிக்கூடமும் அதுல வருமுல்ல?"

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தோட்டத்துப் பள்ளிக்கூடம்னு தனியா ஒண்ணும் போடல மேசன். வராதுன்னும் போடல."

வராது என்று போடவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினேன். வாத்தியாரைக் கேட்டேன். அரசாங்கம் எடுத்தால் வாத்தியாருக்கு அரசாங்கச் சம்பளம், தராசடிக்கு ஓடவேண்டாம், இன்னொரு வாத்தியார் வருவார், பிள்ளைகள் இருந்தால் ஆறாம் வகுப்பும் திறக்கலாம் என்றார். சொல்லும்போது அவர் தாழ்வாரத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்துக்கொண்டார். கிளாக்கர் காதில் விழுந்தால் வேலை போய்விடும்.

தலைவரை இழுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனேன். கல்விக் கந்தோரில் எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. வெகுநேரம் நின்ற பிறகு யாழ்ப்பாணத்துக்காரரான ஓர் அதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். நல்ல மனிதர். தோட்டத்துக்குச் சொந்தமான பள்ளிக்கூடம் இந்தச் சட்டத்துக்குள் வருவது கஷ்டம் என்றார். ஆனால் சனங்களே கட்டி, சனங்கள் கையில் இருக்கிற கட்டடம் என்றால் தான் வந்து பார்த்து எழுதலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். தான் வருகிற நாளையும் குறித்துக் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் எனக்கும் தலைவருக்கும் சண்டை. அதிகாரி வருகிறார் என்றால் பெரிய துரையை அழைத்துத் தட்டில் சாவி வைத்துக் கொடுத்துத் திறக்கச் சொல்லவேண்டும் என்றார் தலைவர். துரை திறந்தால் துரையுடைய பள்ளிக்கூடம் என்றுதானே அதிகாரி எழுதுவார் என்றேன்.

"தொரைக்குச் சொல்லாம அதிகாரிய மலைக்குள்ள கூட்டியாந்தா நாளைக்கு யாரு தம்பி நம்மளுக்குப் பேர் போடுறது?" என்று கேட்டார். பேர் போடுவது என்றால் அன்றைய நாள் வேலையைக் கணக்கில் ஏற்றுவது. அது இல்லை என்றால் அன்றைக்குச் சோறு இல்லை. கூட்டத்தில் எல்லோரும் அவர் பக்கம் நின்றார்கள். துரைக்குச் சொல்லியாயிற்று. அதிகாரி வருகிற அன்று காலையில் நான் அரிசித் தகரத்திலிருந்து சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். மனைவி பார்த்தாள்.

"ஏங்க, வேணாங்க," என்றாள். அவ்வளவுதான்.

அதிகாரி பங்களாவுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் துரையோடு காரில் வருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் நேராக ஜீப்பில் பள்ளிக்கூட மேட்டுக்கே வந்துவிட்டார். மழை. பிள்ளைகள் வெளியே பெரட்டுக்கு நிற்பதுபோல வரிசையாக நனைந்துகொண்டிருந்தார்கள். தப்பு அடிக்கிறவர்கள் ஈரத் தோலைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் கையில் வெற்றிலைத் தட்டு, சாவி இல்லாத தட்டு.

"பிள்ளையள் ஏன் மழையில நிக்கினம்? திறப்பு ஆரிட்ட?" என்று அதிகாரி சாவியைக் கேட்டார்.

"ஆபீசுல இருக்குங்க ஐயா. தொரை வந்து தொறந்து குடுப்பாங்க," என்றார் தலைவர், ரொம்பப் பணிவாக.

அதிகாரி பூட்டைப் பார்த்தார், கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது: சாவி ஆபீசில் என்றால் தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றுதான் எழுதுவார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மடியிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். தோட்டத்தில் துரை திறக்கவேண்டிய கதவைத் துரைக்கு முன்னால் திறந்தவன் அதுவரை ஒருத்தன் இல்லை. இதைத் தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

அதிகாரி உள்ளே வந்தார். சுவரைத் தடவிப் பார்த்து, யார் கட்டியது என்று கேட்டார். நான் என்றேன். கல்? எங்கள் பெண்கள் ஆற்றிலிருந்து கொண்டுவந்தது என்றேன். பூட்டு? நான் வாங்கியது என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப இது உங்கட பள்ளிக்கூடம்தானே," என்றார்.

என் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவள் ஈரப் பாவாடையைப் பிழிந்துவிட்டு வந்து நின்று தடங்கல் இல்லாமல் வாசித்தாள். இன்னும் கொஞ்சம் என்றார், இன்னொரு பக்கம் வாசித்தாள். ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

அப்போது கார் வந்தது. துரை இறங்கினார், பின்னால் குடையோடு கிளாக்கர். கிளாக்கர் திறந்து கிடந்த கதவைப் பார்த்தார், தன் கையிலிருந்த சாவியை உயர்த்திக் காட்டினார்.

"சாவி இந்தா என் கையில இருக்கு. கதவு எப்பிடித் தொறந்துச்சு?"

என் கையில் இருந்ததை மறைக்க நான் நினைக்கவில்லை. தோட்டத்துக் கட்டடத்துக்குக் கள்ளச்சாவி வைத்திருக்கிறான், பொலிசுக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று கிளாக்கர் துரையிடம் இங்கிலிஷில் சொன்னாராம், வாத்தியார் பிற்பாடு சொன்னார். பொலிஸ் என்ற சொல் மட்டும் அப்போதே எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. பொலிஸ் பிடித்து மறியலுக்குப் போனவனின் குடும்பத்துக்கு லயத்தில் காம்பரா கிடையாது. அன்றைக்கே சட்டி பானை வெளியே வந்துவிடும்.

தலைவர் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து கும்பிட்டார்.

"தொரைங்களே, அவன் மேல குத்தமில்லீங்க. கட்டடம் தொரையோடதுங்க. பூட்டும் தொரை வாங்கிக் குடுத்ததுங்க. வேலைக்காகத் தொரை குடுத்த சாவியத் திருப்பிக் குடுக்க மறந்துட்டான். எல்லாம் தொரை கட்டிக் குடுத்ததுங்க."

அதிகாரி நிமிர்ந்தார். கூட்டத்தைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றார்கள். முதலில் ஆண்கள். பிறகு கல் சுமந்த பெண்கள். தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருத்தியாக ஆமாங்க என்றாள். கடைசியில் என் மனைவியும் சொன்னாள். நெற்றியில் கயிற்றுத் தழும்போடு சொன்னாள்.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"கட்டுனது நாந்தாங்க," என்றேன்.

மேசனுக்குத் தோட்டம் சம்பளம் கொடுக்கிறது என்றார் கிளாக்கர். தகரமும் தோட்டத்துத் தகரம்தான் என்றார். அது உண்மைதான். அதிகாரி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

"எல்லாரும் ஒண்டு சொல்லேக்க நான் ஒராளை வைச்சு எழுதேலாது," என்று சொல்லிப் பேனாவை மூடினார்.

பொலிசுக்கு ஆள் போகவில்லை. என் சாவியைக் கிளாக்கர் வாங்கிக்கொண்டார். பலகையில் ஒரே ஆணியில் இரண்டு சாவியும் தொங்கின. ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும்.

அன்று லயத்துக்கு இறங்கும்போது தலைவர் பின்னாலேயே வந்தார்.

"உன்னயக் காப்பாத்துனோம்ல தம்பி. மொகத்த ஏன் தூக்கி வெச்சுக்கிற?"

"பள்ளிக்கூடத்தக் காப்பாத்தியிருக்கலாம் தலைவரே."

"பள்ளிக்கூடம் எங்க போவப்போவுது. அங்கனயேதான நிக்கும். நீ உள்ள போயிருந்தா ஒம் புள்ள எங்க நிக்கும்?"

அந்த மனிதனைத் திட்ட முடியவில்லை. என் மனைவியிடமும் நான் எதையும் கேட்கவில்லை.

நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தது. றொசல்லவில் ரயிலைவிட்டு இறங்கினால் ரோட்டோரத்துப் பள்ளிக்கூடத்தில் புதிதாக அரசாங்கப் பலகை அடித்திருப்பது தெரியும். தோட்டங்களுக்குள் இருந்தவை அப்படியே கிடந்தன. எங்களுடையது மட்டும் இல்லை, எங்கும் அதே கதைதான். ஆனால் எங்களுடையதாவது வந்திருக்கும் என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. வந்திருக்காது, சட்டமே நமக்காகப் போட்டது இல்லை என்று நானா சொல்லுவார். இரண்டில் எது உண்மை என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அந்த வருஷம் என் மகளை அரைப்பேருக்குப் பதிந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாதிச் சம்பளம், அதுதான் அரைப்பேர். அவளுக்குப் புதுக் கூடை வாங்க வசதி இல்லை. அம்மாவின் பழைய கூடையைக் கொடுத்தோம். கல் சுமந்து அடிப்பக்கம் கிழிந்து, மூங்கில் சிம்பு வைத்து நான் பின்னிக் கொடுத்த கூடை. அதை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டு வழியாகத்தான் மலைக்குப் போனாள். வேறு வழி கிடையாது. கொஞ்ச காலம் பழைய புத்தகத்தை லயத்தில் வைத்து வாசித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, வாசித்ததையே எத்தனை தரம் வாசிப்பது என்றாள்.

நான் தோட்டத்தை விட்டு இறங்கினேன். கட்டட வேலைகளைக் கொந்தராத்து எடுத்தேன், வளர்ந்தேன், ஊர் பார்க்க வளர்ந்தேன். அவளுக்குக் கல்யாணம் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில். அங்கேயும் கொழுந்துதான். நான் டவுனில் மாடி கட்டினபோது வந்து பார்த்தாள். நல்லாருக்குப்பா என்றாள். சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இந்தியாவுக்கு ஆள் அனுப்புகிற ஒப்பந்தம் வந்தது. பிறகு குடும்பம் குடும்பமாக ரயில் ஏறினார்கள். தலைவர் போனார். தப்பு அடித்தவர்கள் போனார்கள். கல் சுமந்த பெண்களில் பாதிப்பேர் போனார்கள், மீதிப்பேர் செத்துப்போனார்கள். என் மனைவியும் இல்லை. அன்று ஆமாங்க என்று சொன்னவர்களில் அது பொய் என்று சொல்ல இன்றைக்கு ஒருத்தரும் மிச்சமில்லை.

வெகுகாலம் கழித்து அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடத்தையும் எடுத்துக்கொண்டது. அப்போது என் மகளின் தலை நரைத்திருந்தது. போன வருஷம் அங்கே ஒரு விழா. என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். மேடையில் ஒரு படித்த பிள்ளை பேசினார்: அந்தக் காலத்துப் பெரிய துரை ஏழைப் பிள்ளைகள்மேல் இரக்கப்பட்டுக் கட்டிக் கொடுத்த பள்ளிக்கூடமாம் இது. எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் என்னைக் காப்பாற்ற மழையில் நின்று சொன்ன அதே வார்த்தை. வாய் மாறி வாய் மாறி அதுவே வரலாறாகிவிட்டது. அது பொய், கட்டியது நாங்கள் என்று எழுந்து சொன்னேன். யாரோ ஒருவர், ஐயாவுக்கு வயசாயிருச்சு, உட்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. இப்போதும் உட்காரவில்லை. அந்தக் கட்டடத்தைத் துரை கட்டவில்லை. விழா நடத்துகிறவர்களே, தகரம் தோட்டத்தினுடையது, அதை எழுதிக்கொள்ளுங்கள். கல்லைச் சுமந்தது எங்கள் பெண்கள், அதை எழுதுங்கள். ஆறாம் வகுப்பில் உட்காரவேண்டிய ஒரு பிள்ளை அந்த மேட்டைக் கூடையோடு கடந்து போனது, அதையும் எழுதுங்கள். சுவரைக் கட்டியது, பூட்டை வாங்கியது, துரை வருவதற்கு முன்னால் கதவைத் திறந்தது நான். அடுத்த விழாவில் அந்த மேடையிலேயே, அந்த ஒலிபெருக்கியிலேயே அதைச் சொல்லவேண்டும். நான் உயிரோடு இருக்கும்போதே சொல்லவேண்டும்.